நேசமலரின் நாக்கும் சதீஸின் தட்டுப் பவளமும்

முள்ளியவளையில் நேசமலரின் நாக்குக்கு இருந்த மரியாதை எந்த உத்தியோகத்தருக்கும் இருந்ததில்லை. அவள் எதைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்கிறாளோ, அது இனி நல்லாயிராது என்பது ஊரின் தீர்ப்பு. தீர்ப்புக்குச் சாட்சிகளும் இருந்தன. கலியாணம் முடித்து வந்த புதிதில் பக்கத்து வளவு முருங்கையைப் பார்த்து, "என்ன மாதிரிக் காய்ச்சிருக்கு" என்றாள். அடுத்த நாள் அடித்த காற்றில் மரம் இரண்டாக முறிந்தது. முருங்கை என்பது காகம் கனக்க இருந்தாலே முறிகிற சாதி என்பதை எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள். பிறகு ஒருவரின் புது உழவு இயந்திரம், இன்னொருவரின் கறவை மாடு, சங்கக்கடைத் தலைவரின் தலைமயிர் என்று காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைகளெல்லாம் அவள் கணக்கில் ஏறின.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நேசமலர் மூட முயலவும் இல்லை. வந்த பேரை வைத்து வாழப் பழகிக்கொண்டாள்.

காலையில் மீன்கார ராசு மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைத் திறந்ததும், அவள் குனிந்து பார்த்து, "இண்டைக்கு மீன் நல்ல..." என்று இழுப்பாள்.

"அக்கா, சொல்லிப்போடாதேங்கோ. நான் இன்னும் தண்ணீரூற்றுப் பக்கம் போகவேணும்" என்று ராசு ஒரு கை இறாலை அள்ளி அவள் சட்டிக்குள் போடுவான். அவளும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

விளையாட்டுக் கழகத்துப் பெடியள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புதுக்குடியிருப்பு அணியோடு நடந்த கிரிக்கெட் இறுதி ஆட்டத்துக்கு அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய், நிழலில் கதிரை போட்டு, குளிர்ந்த சோடாவும் கொடுத்து இருத்தினார்கள். எதிரணியில் ஒருவன் நின்று விளாசிக்கொண்டிருந்தான். பெடியள் கண்ணைக் காட்ட, நேசமலர் எழுந்து சீலையைச் சரிசெய்து, மைதானம் கேட்க, "அந்தத் தம்பி எவ்வளவு வடிவா அடிக்குது" என்றாள். அடுத்த பந்தை அவன் தூக்கி அடித்துப் பிடி கொடுத்தான். வெற்றிக் கிண்ணத்தோடு எடுத்த படத்தில் கழகத் தலைவருக்குப் பக்கத்தில் அவள்தான் நிற்கிறாள்.

அவளுடைய கணவர் யோகநாதன் இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் நெல்லுக் கதிர் முற்றுகிற காலத்தில் மட்டும் அவளை வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போகமாட்டார். கேட்டால் வெயில் கடுமை என்பார்.

இவ்வளவு அதிகாரம் உள்ளவளுக்கும் ஒரு வாசல் மட்டும் திறக்கவில்லை. வீதியில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், அவள் படலையடிக்குப் போவதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்கு நித்திரை வந்துவிடும். "இப்பதான் அக்கா கண்ணயர்ந்தது" என்று தாயோ தாயின் தாயோ வாசலை மறித்து நிற்க, உள்ளேயிருந்து பிள்ளை வீரிட்டு அழுவது வீதிவரை கேட்கும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தால் கரியரில் சாப்பாடு வீடு தேடி வரும். பிள்ளை வராது. தன் வயிற்றில் ஒன்று தங்காதவளுக்கு அது நெருப்பாகச் சுட்டது. அதை அவள் யோகநாதனிடம்கூடச் சொன்னதில்லை. இந்த ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து ஒரு பச்சைப் பிள்ளையையாவது அவள் மடியில் வைத்திருந்ததில்லை.

அப்படியிருக்கத்தான் எதிர்வீட்டுக்கு நிசாந்தினி வந்தாள். கிளிநொச்சிப் பெட்டை. புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வந்த கிழமையே நேசமலரைப் பற்றி ஊர் அவளுக்கு எச்சரிக்கை செய்துவிட்டது. அவள் சிரித்தாள். வயிற்றில் பிள்ளை தங்கி வாந்தியில் சுருண்டு கிடந்தபோது, புளியும் மிளகும் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தது நேசமலர்தான். ஏழாம் மாதம் ஒருநாள் அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே நிசாந்தினி சொன்னாள்.

"அன்ரி, எனக்கு உந்த நாவூறு, கண்ணூறு ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை. பிள்ளை பிறந்து வீட்டை வந்தா நீங்கள்தான் முதலில தூக்கவேணும்."

நேசமலர் கோப்பையை வாங்கிக் கழுவப் போனாள். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களையும் எடுத்து இன்னொருமுறை கழுவினாள்.

சிக்கல் நிசாந்தினியின் கணவன் சதீஸிடம் இருந்தது. அவன் கைத்தொலைபேசி திருத்துகிறவன். கையில் நுணுக்கம் கூட, நெஞ்சில் துணிவு குறைவு. அந்த வருடம் அவனைப் பிடித்த பைத்தியம் கடல்நீர்த் தொட்டி. ஹோலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தொட்டி, அதற்கு நீல வெளிச்சம், தண்ணீரைச் சுழற்ற மோட்டர், கரைக்கத் தனி உப்பு.

"பாதிக் கிணறு உவர் எண்டு ஊர் அழுகுது. இவன் நல்ல தண்ணியில உப்பைக் கரைச்சு, அதுக்குக் கரண்டும் குடுத்து வைச்சிருக்கிறான்" என்றார் யோகநாதன்.

தொட்டியின் ராசா ஒரு தட்டுப் பவளம். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்ததென்று பத்திரத்தோடு விற்கிற கடையில் வாங்கி, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான் சதீஸ். இடியப்பத் தட்டளவு வட்டம், செம்மஞ்சள் நிறம், நடுவில் ஒரு கீறல் போல வாய். மற்றப் பவளங்கள் மாதிரிக் கல்லில் ஒட்டி வளராது. மணலில் சும்மா கிடக்கும். வெளிச்சம் போட்டதும் தண்ணீரை உள்ளே இழுத்துப் பொம்மென்று ஊதும். அப்படி ஊதி ஊதியே இருந்த இடத்திலிருந்து மெல்ல நகர்ந்தும் விடும். இறால் துண்டு வைத்தால் ஓரத்திலிருந்து வாய்க்கு அதுவாகவே நகர்த்திக்கொண்டு போகும். சதீஸ் அதற்கு வைத்திருந்த சட்டதிட்டம் வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக்கூட இல்லை. பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்தக்கூடாது, சவர்க்காரம் பட்ட கையை விடக்கூடாது, செப்பு மோதிரத்தோடு தொடவே கூடாது, செம்பு பட்டால் பவளத்துக்கு அது நஞ்சு என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தான்.

நேசமலருக்கு மட்டும் வகுப்பு இல்லை. அவள் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் தொட்டியின் மேல் ஒரு படுக்கை விரிப்பு விழும். "லைற் கூடப் பட்டா அதுக்குக் கூடாது அன்ரி" என்பான். விரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று ஊர் முழுக்கச் சொல்லிக் கேட்டவளுக்கு, அதைப் பார்க்கமுடியாமல் இருந்தது பெரிய தலையிடி. ஒருநாள் விரிப்பைப் பார்த்து, "பூப்போட்ட துணி, நல்ல துணி" என்றாள். சதீஸ் அன்றைக்கே அதைத் தோய்க்கப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்து மூடினான்.

நிசாந்தினிக்குப் பொறுமை போய்விட்டது.

"வகுப்பில பிள்ளையளுக்குப் பரிசோதனை செய்து காட்டுறவள் நான். வீட்டில சீலை போட்டு மூடிக்கொண்டு இருக்கிறன். உங்களுக்கு வெக்கமா இல்லையோ?" என்று கணவனைப் பிடித்தாள். "இப்ப ஒரு முடிவு எடுப்பம். அன்ரி வந்து உதைப் பாக்கட்டும், வடிவெண்டு வாயால சொல்லட்டும். ரெண்டு கிழமை பொறுப்பம். பவளம் நல்லா இருந்தா பிள்ளையை முதலில அன்ரிதான் தூக்குவா. நீங்கள் கதைக்கப்படாது."

"செத்தா?"

"செத்தா நீங்கள் சொல்லுறபடி."

சதீஸ் தலையைச் சொறிந்தான். "சரி. ஆனா நாளைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லும்" என்றான். ஏன் ஞாயிறு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

விசயம் நேசமலருக்கு வந்தது. "உது வேண்டாம் பிள்ளை. வேணுமெண்டால் உங்கட வாழையைப் பாத்துச் சொல்லுறன்" என்றாள். வாழை சரிவராதாம். சதீஸ் உயிராக நினைக்கிற பொருளாக இருந்தால்தான் அவன் வாய் அடையும் என்றாள் நிசாந்தினி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஞாயிறு காலை தலைவாரி, வெளுத்த சீலை கட்டி, வற்றாப்பளை அம்மனை நினைத்துக்கொண்டு போனாள். "ம், பரவாயில்லை, வடிவுதான்" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுவதுதான் அவள் திட்டம். நாக்கின் நுனியால் சொன்னால் பாதிப் பலம்தான் இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தாள். சதீஸ் கண்ணை மூடிக்கொண்டு விரிப்பை இழுத்தான்.

நீல வெளிச்சத்தில் அது மணல்மேல் ஊதிப்போய்க் கிடந்தது. விளிம்பு மெல்ல மெல்ல அசைந்தது. நேசமலருக்குத் திட்டம் மறந்துபோனது.

"என்ர அம்மாளாச்சி, என்ன வடிவு" என்றாள். "கல்லெண்டெல்லோ நினைச்சன். இது மூச்சு விடுது."

அடிமனதிலிருந்து வந்த சொல். சதீஸின் முகம் வெளிறியது.

அடுத்த நாள் வெளிச்சம் போட்டும் பவளம் ஊதவில்லை. அதற்கடுத்த நாள் இறால் துண்டை விளிம்பில் வைத்தால் அப்படியே கிடந்தது. பிறகு ஓரத்துச் சதை உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அந்தக் கிழமை முடியுமுன்னே மணலில் கிடந்தது ஒரு வெறும் சுண்ணாம்புத் தட்டு. தொட்டியில் நீந்திய இரண்டு மீன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மீனைப் பற்றி அவா ஒண்டும் சொல்லேல்லைத்தானே" என்றான் சதீஸ். "மீன் இருக்கு. பவளம் போட்டுது. இனியும் என்ன பரிசோதனை?"

நிசாந்தினி குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். ஒன்று அவளுக்கு உறுத்தியது. தொட்டியில் பாசி தின்ன விட்டிருந்த நத்தைகளும் செத்துக் கிடந்தன.

"நத்தையைப் பற்றியும் அன்ரி ஒண்டும் சொல்லேல்லையே."

"அது பக்கத்தில நிண்டது" என்றான் சதீஸ். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றும் சேர்த்துக்கொண்டான்.

செய்தி வீதி கடந்து வர எவ்வளவு நேரம் செல்லும். கேட்டதும் நேசமலர் குசினிக்குள் போய்ப் பலகையில் இருந்துவிட்டாள். இத்தனை காலமும் ஊர் சொன்னதை வைத்து அவள் விளையாடினாளே தவிர, நம்பினதில்லை. முருங்கை தன்பாட்டில் முறிந்தது, பெடியன் தன்பாட்டில் பிடி கொடுத்தான் என்பது அவளுக்குத் தெரியும். இது அப்படியில்லை. இதை அவள் உண்மையாகவே ஆசைப்பட்டுச் சொன்னாள். ஆசைப்பட்டுச் சொன்னால் சாகும் என்றால், அந்தப் பிள்ளையைப் பார்த்தால் தனக்கு என்ன வாய் வரும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த காலை ராசு பெட்டியைத் திறந்துவிட்டுக் காத்து நின்றான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் சூடை மீனைக் காட்டினாள், வாங்கினாள், போனாள். ராசுவுக்குப் பயம் பிடித்து, கேட்காமலே இறாலை அள்ளிப் படலையில் தொங்கவிட்டுவிட்டுப் போனான். மத்தியானம் வரை அதைக் காகம்தான் தின்றது. யோகநாதன் சாப்பிடும்போது அவளைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பார், இந்தமுறை கதிர் வெட்டேக்க நீயும் வயலுக்கு வா" என்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய துணிவு என்று அவளுக்கு விளங்கியது. இருந்தும் போகவில்லை.

நிசாந்தினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. யதுர்ஷிகா என்று பெயர். நேசமலர் படலையடிக்கும் போகவில்லை. எதிர்வீட்டில் கொடி நிறையப் பிள்ளையின் துணிகள் காய்வதை ஜன்னலால் பார்த்தாள். பார்த்ததும் திரும்பிக்கொண்டாள். நிசாந்தினி ஆள் விட்டும், தொலைபேசி எடுத்தும் கூப்பிட்டாள். "தடிமன் பிள்ளை", "முழங்கால் நோ" என்று நேசமலரே ஒவ்வொரு சாட்டாகச் சொன்னாள். துடக்குக் கழித்த அன்றைக்குச் சாப்பாட்டுக் கரியரைச் சதீஸே கொண்டுவந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நீட்டினான். அவள் சாப்பாட்டை எடுத்துவிட்டு, வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சீனி போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு சில நாளில், காலைச் சமையல் நேரம், படலை படாரென்று திறபட்டது. முன்னால் நிசாந்தினி, தோளில் துவாயால் சுற்றிய பிள்ளை. பின்னால் சதீஸ், கையில் ஒரு பொலித்தீன் பை. திருவிழாவில் பிடிபட்ட செருப்புக் கள்ளன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"அங்காலையே நில்லு பிள்ளை" என்றாள் நேசமலர், அகப்பையை நீட்டி. "கிட்ட வராதை. நான் வாய் தவறி ஏதும் சொல்லிப்போடுவன்."

"சொல்லுங்கோ. அதுக்குத்தான் வந்தனான்" என்றாள் நிசாந்தினி. "முதல் இவர் கொண்டந்ததைப் பாருங்கோ. எடுங்கோ வெளியில."

சதீஸ் பைக்குள் கைவிட்டு ஒரு தகட்டை எடுத்தான். உள்ளங்கையளவு, பச்சைக் களிம்பு பிடித்து, கட்டமும் எழுத்தும் கீறிய மந்திரத் தகடு. மீன்களை யாரோ கேட்டு வாங்கிப்போன பிறகு, தொட்டி சும்மா இடத்தை அடைக்கிறதென்று நிசாந்தினி மணலை அள்ளியிருக்கிறாள். பவளம் கிடந்த இடத்துக்கு நேர்கீழே இது புதைந்து கிடந்ததாம்.

"நீங்கள் பாக்க வரமுந்தி, சனிக்கிழமை, ஒரு பூசாரியிட்டைப் போய் வாங்கி வைச்சிருக்கிறார். உங்கட நாவூறு பவளத்தில படாமல் இருக்கவாம்" என்றாள் நிசாந்தினி. "அன்ரி, இது செம்பு. உப்புத்தண்ணிக்குள்ள கிடந்து கரைஞ்சிருக்கு. மீன் ஒருமாதிரித் தாங்கும். பவளமும் நத்தையும் தாங்காது. பவளத்தைக் கொண்டது உங்கட வாய் இல்லை. இந்த மனுசன்தான்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. நேசமலர் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, செப்பு மோதிரம்கூடத் தண்ணியில படக்கூடாது எண்டு ஊருக்கெல்லாம் படிப்பிச்சது நீதானே?"

"ஓம் அன்ரி."

"பிறகு?"

சதீஸ் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செம்பெண்டு நான் நினைக்கேல்லை அன்ரி. தகடெண்டுதான் நினைச்சனான்" என்றான். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

விறாந்தையில் இருந்த யோகநாதன் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து வளவுப் பக்கம் போனார். நேசமலருக்குச் சிரிப்பு வரவில்லை. கதிரையில் இருந்தாள். தன் நாக்கில் நஞ்சில்லை என்று ஒருவர் வந்து சொல்வதைக் கேட்க அவள் எத்தனை வருசம் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இண்டைக்கே ஊருக்கெல்லாம் சொல்லப்போறன்" என்றாள் நிசாந்தினி. "நாவூறும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டு."

"சொல்லு பிள்ளை. வீதியில பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற வீடெல்லாம் சொல்லு" என்றாள் நேசமலர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒரு கணம் யோசித்தாள். "ராசுவுக்கு மட்டும் அவசரப்பட்டுச் சொல்லவேண்டாம்."

நிசாந்தினி துவாயோடு பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நேசமலரின் கைகள் தடுமாறின. நிசாந்தினி அவளுடைய இடக்கையை எடுத்துப் பிள்ளையின் கழுத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். பால் மணம். நெற்றியில் பெரிய கரும்பொட்டு. பிள்ளை அவளை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தது.

"இப்ப சொல்லுங்கோ அன்ரி" என்றாள் நிசாந்தினி.

நேசமலர் சதீஸைப் பார்த்தாள். அவன் தகட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். விஞ்ஞானம் முழுக்க விளங்கிய பிறகும் பயம் பயம்தான். அவளுக்குள்ளும் அது கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து, நாக்கின் நுனியால் அல்ல, அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

"நல்ல வடிவான பிள்ளை. என்ர ராசாத்தி, நல்ல வடிவு."

பிள்ளையின் முகம் கோணியது. நெற்றி சுருங்கியது. உடம்பை முறுக்கிக்கொண்டு தலையிலிருந்து கால்வரை சிவந்தது. சதீஸ் ஒரு எட்டு முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான். நேசமலர் பிள்ளையைக் கொடுக்கத்தான் போனாள். அவனுடைய கை அந்தரத்தில் நின்றது. நிசாந்தினியைப் பார்த்தான், நேசமலரைப் பார்த்தான். பிறகு, எப்படி வந்ததோ அந்தத் துணிவு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வைச்சிருங்கோ அன்ரி" என்றான்.

அப்போது நேசமலரின் மடியில் இளஞ்சூடாக ஏதோ பரவியது. துவாய் நனைந்து, சீலை நனைந்து, முழங்காலால் வழிந்தது. பிள்ளையின் முகம் தெளிந்து, வேலை முடித்த திருப்தியோடு கொட்டாவி விட்டது.

"ஐயோ அன்ரி, சீலை பழுதாப் போச்சு. தாங்கோ, மாத்திப்போட்டு வாங்கோ" என்று நிசாந்தினி குனிந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள் நேசமலர்.

பிள்ளை நித்திரையாகி, தாயோடு வீட்டுக்குப் போய், சோறும் ஆறிப்போய், யோகநாதன் இரண்டுமுறை வந்து நினைவுபடுத்தியும், பொழுதுபடும்வரை அவள் அந்தச் சீலையை மாற்றவில்லை.